சில்கோசா

சில்கோசா என்பது இமயமலையின் வடமேற்குப் பகுதியிலும் அதை அடுத்த ஆப்கானிய, பாகிஸ்தானிய மலைகளிலும் வளரும் ஒரு பைன் மரம். அதன் கூம்புகளிலிருந்து எடுக்கும் கொட்டைக்கும் அதே பெயர்தான். தாவரவியலில் பைனஸ் ஜெரார்டியானா எனப்படும். இமாச்சலப் பிரதேசத்துக் கின்னௌர் மாவட்டத்தில் நியோசா என்றும் சொல்வார்கள். உலகில் நூற்றுக்கும் மேற்பட்ட பைன் இனங்கள் இருந்தாலும், தின்னும் அளவுக்குப் பெரிய விதை தருபவை இருபது போலத்தான். மத்தியதரைக் கடலோரக் குடைப் பைன், கொரியப் பைன், சைபீரியப் பைன், வட அமெரிக்கத் தென்மேற்கின் பின்யோன் பைன் ஆகியவை அவற்றில் பேர்பெற்றவை. இந்தியாவுக்குள் விளையும் முக்கியமான பைன் கொட்டை சில்கோசாதான்.

கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,800 முதல் 3,350 மீட்டர் வரையிலான உயரத்தில், பருவமழை எட்டாத வறண்ட சரிவுகளில் இம்மரம் வளர்கிறது. அதற்கு வேண்டிய ஈரத்தில் பெரும்பகுதியைக் குளிர்காலப் பனியே தருகிறது. சாம்பல் நிறப் பட்டை செதில் செதிலாக உரிந்து, அடிமரம் திட்டுத் திட்டாகத் தெரியும். ஊசியிலைகள் மூன்று மூன்றாக இருக்கும். பெரும்பாலான பைன்களின் விதை இறக்கையோடு காற்றில் பறந்து போய் விழும். சில்கோசா விதையோ 2 சென்டிமீட்டர் அளவு நீண்டு கனமானது. இறக்கை பெயரளவுக்குத்தான் உண்டு. பறவைகளும் சிறு விலங்குகளும் கொண்டுபோய்ப் புதைத்து மறந்தால்தான் தாய்மரத்தை விட்டுத் தொலைவில் அது முளைக்க முடியும். மனிதனை ஈர்த்த பருமனே மரத்தின் பரவலுக்குத் தடையாகவும் இருக்கிறது.

இக்கொட்டையைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று பாபரின் நினைவுக் குறிப்பு நூலில் உள்ளது. 1504இல் காபூலைக் கைப்பற்றிய அவர், அந்நாட்டின் மரங்களையும் பழங்களையும் ஊர் ஊராகக் குறித்துவைத்தார். நிஜ்ராவ் மலைகளில் சில்கோசா இருப்பதையும், அதன் பிசின் மிகுந்த விறகை அங்குள்ளோர் விளக்காக எரிப்பதையும் சொல்கிறார். கின்னௌரில் இது மன்னர்களின் கவனத்துக்கு வந்ததைவிடச் சந்தைக்கு வந்ததே முக்கியம். புஷஹர் அரசின் தலைநகராக இருந்த ராம்பூரில் நவம்பரில் கூடும் லாவி சந்தைக்கு, மேல்மலை மக்கள் கம்பளியோடும் உலர்ந்த சர்க்கரைப் பாதாமியோடும் சில்கோசாவையும் சுமந்து இறங்குவார்கள். தங்களுக்கு வேண்டிய தானியத்தோடு திரும்புவார்கள். அறுவடை முடிந்து பனி வழியை அடைப்பதற்குள் கிடைக்கும் சில வாரங்களில் நடக்க வேண்டிய வணிகம் இது.

ஐரோப்பியத் தாவரவியலுக்குள் இம்மரம் 19ஆம் நூற்றாண்டில் நுழைந்தது. சத்லஜ் பள்ளத்தாக்கை ஆராய்ந்த ஜெரார்ட் சகோதரர்களில் ஒருவரான பாட்ரிக் ஜெரார்ட்டின் பெயரைத் தாவரவியலாளர் வாலிச் இதற்குச் சூட்டினார். 1832இல் மற்றொரு தாவரவியலாளரான டேவிட் டான் இதை விவரித்து வெளியிட்டார். ஆனால் பள்ளத்தாக்கின் மக்களுக்கு அது அதற்கு வெகு முன்பே வீட்டுப் பொருள். கின்னௌரில் திருமண விருந்தினருக்குச் சில்கோசாவைக் கோத்து மாலையாகப் போடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. சந்தையில் அரிசி பருப்பைவிடப் பல மடங்கு விலை போகும் பொருளைக் கழுத்து நிறையப் போட்டு அனுப்பும் இந்த வரவேற்பைப் பெருமைக்குரியதாகவே சொல்ல வேண்டும்.

அறுவடைதான் இக்கொட்டையின் வரலாற்றில் கடினமான பகுதி. மே, ஜூன் மாதங்களில் மகரந்தம் சேர்ந்தபின் கூம்பு முற்ற ஓராண்டுக்கு மேல் ஆகும். அடுத்த ஆண்டின் செப்டம்பர், அக்டோபரில்தான் விதை தேறும். கூம்பு தானாக வெடித்தால் விதை சரிவில் சிதறிவிடும், அல்லது பறவை கொண்டுபோய்விடும். ஆகவே பச்சையாக இருக்கும்போதே பறிக்கிறார்கள். மரத்தில் ஏறியோ, நீண்ட கழியின் நுனியில் கட்டிய கொக்கியாலோ கூம்பை இழுத்து வீழ்த்துவார்கள். குவித்து, புல்லால் மூடி, பல நாள் வைத்திருந்தால் செதில்கள் விரியும். பிறகு தடியால் அடித்தோ கையால் உதிர்த்தோ விதையைப் பிரிக்கிறார்கள். கைமுழுக்கப் பிசின் ஒட்டிக்கொள்ளும். மரங்கள் செங்குத்துப் பாறைகளில் நிற்பதால் விழுந்து அடிபடுவோரும் உண்டு.

அவசரத்தில் கூம்போடு கிளையையும் வெட்டிவிடுவதுதான் பெருங்கேடு. இரண்டாண்டுச் சுழற்சி என்பதால், இந்த ஆண்டு முற்றிய கூம்பு இருக்கும் அதே கிளையில் அடுத்த ஆண்டுக்கான பிஞ்சும் இருக்கும். கிளை போனால் இரண்டு ஆண்டு விளைச்சல் ஒரே வெட்டில் போகிறது. ஊரார் தமக்குள்ள உரிமையைக் குத்தகைக்காரரிடம் விடும் இடங்களில் இது இன்னும் மோசம். ஒரு பருவத்துக்கு மட்டும் வருபவருக்கு அடுத்த பருவத்தைப் பற்றி என்ன கவலை?

கொட்டை மலையைத் தாண்டிப் பயணம் செய்ய முடிந்ததற்குக் காரணம் அதன் ஓடு. பருப்பில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி. காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் அந்தக் கொழுப்பு சிக்கு வாடை பிடித்துக் கசக்கும். ஓட்டோடு, ஈரம் நன்கு வற்றக் காயவைத்தால் குளிர்ந்த மலைவீட்டில் குளிர்காலம் முழுக்கத் தாங்கும். சமவெளியின் வெக்கையில் அது நடக்காது. வாங்கும்போதே ஓடு முழுதாக, பூஞ்சை இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரம் தங்கிய கொட்டையில் பூஞ்சை நச்சு உண்டாகலாம். உரித்த பருப்பைக் கடைக் கண்ணாடிச் சீசாவில் வெளிச்சம் படும்படி வைப்பதைவிட மோசமான வழி இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஓரிரு மாதம் நன்றாக இருக்கும். உறைநிலைப் பெட்டியில் இன்னும் பல மாதம். மஞ்சள் கூடி, பழைய எண்ணெய் வாடை வந்துவிட்டால் வறுத்தாலும் சரியாகாது. தூக்கி எறிவதே நல்லது.

பச்சைக் கொட்டையின் பருப்பு மென்மையாக, லேசான பிசின் மணத்தோடு இருக்கும். வழக்கமான முறை, சூடான மணலில் ஓட்டோடு வறுப்பது. மணல் சூட்டைச் சமமாகப் பரப்புவதால் ஓடு கருகாமல் உள்ளே வெந்து, பருப்பு ஓட்டை விட்டு விலகும். ஓடு மெல்லியது, வறுத்தபின் நகத்தாலோ பல்லாலோ உடைக்கலாம். வீட்டில் வாணலியில் வறுப்பவர்கள் மிதமான தீயில், கைவிடாமல் கிளற வேண்டும். உரித்த பருப்பானால் இரண்டு மூன்று நிமிடமே அதிகம்; நிறம் மாறத் தொடங்கியதும் அடுப்பிலிருந்து இறக்கி வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். புலாவிலும் கீரிலும் சேர்ப்பதுண்டு. ஆனால் இதன் தனிச்சுவை, குளிர்ந்த மாலையில் வெறுமனே உடைத்துத் தின்னும்போதுதான் முழுதாகத் தெரிகிறது.

சத்தைப் பொறுத்தவரை பைன் கொட்டைகள் எல்லாம் ஒன்றல்ல. 100 கிராம் சில்கோசாப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு, 14 கிராம் அளவு புரதம், 600 கலோரிக்கு மேல் ஆற்றல். உலகச் சந்தையில் மிகுதியாகப் புழங்கும் உரித்த பைன் பருப்பில் கொழுப்பு 68 கிராம் வரை போகும். மாறாக, அமெரிக்காவின் ஒற்றை ஊசியிலைப் பின்யோன் பருப்பில் பெரும்பங்கு மாவுச்சத்து. நெவாடாப் பகுதியின் ஷோஷோனி, பையூட் மக்கள் அதை அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி அன்றாட உணவாக்கிக்கொள்ள முடிந்தது அதனால்தான். பொதுவாக மக்னீசியம், மாங்கனீசு, துத்தநாகம், வைட்டமின் ஈ ஆகியவை பைன் கொட்டைகளில் நன்றாகவே உண்டு. பசியை அடக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் பினோலெனிக் அமிலம் பற்றிய சோதனைகள் கொரியப் பைன் எண்ணெயைக் கொண்டு நடந்தவை. அதைச் சில்கோசா பொட்டலத்தின்மேல் எழுதி விற்பது முறையல்ல. ஒரு கைப்பிடியில் கிடைக்கும் நன்மைக்கு இத்தகைய வாக்குறுதி தேவையும் இல்லை.

பைன் கொட்டை தின்ற ஓரிரு நாளில் எல்லாமே கசந்து, உலோகச் சுவை தட்டி, ஒன்றிரண்டு வாரம் நீடிக்கும் ஒரு கோளாறு 2001இல் மருத்துவ இதழில் பதிவானது. சீன வெண்பைனின் விதை கலந்த சரக்கோடு அது பெரிதும் தொடர்புபடுத்தப்படுகிறது, தானாகவே சரியாகிவிடும்.

ஆப்கானிஸ்தானில் பக்தியா, பக்திகா, கோஸ்த், குனர், நூரிஸ்தான் மாகாணங்களில் சில்கோசாக் காடுகள் பரந்திருக்கின்றன. நெடுங்காலம் அங்குள்ள விளைச்சல் எல்லை தாண்டிப் பாகிஸ்தானுக்குப் போய், அங்கிருந்து உலகுக்குப் போனது. 2018 நவம்பரில் காபூலிலிருந்து சீனாவுக்கு நேரடி விமானச் சரக்கு தொடங்கியது. ஆட்சி மாறியபின் 2021 இலையுதிர் காலத்தில் மீண்டும் பறந்தது. விலை ஏறியது மலைக் குடும்பங்களுக்கு நல்லதுதான். விலை ஏற ஏறக் காட்டில் ஒரு கூம்புகூட விடாமல் பறிக்கத் தோன்றுவதையும் மறுக்க முடியாது. தின்ன எடுக்கும் கொட்டையே காட்டின் விதை. வேறு விதை அதற்குக் கிடையாது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சில்கோசாவை அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. கின்னௌரில் முதிர்ந்த மரங்களுக்கு அடியில் இளங்கன்றுகள் அரிது. முளைத்தவையும் ஆடுகளின் மேய்ச்சலுக்குத் தப்ப வேண்டும். பலுசிஸ்தானின் ஷெரானி மாவட்டத்துச் சுலைமான் மலைக்காடு 2022 மே மாதம் தீப்பற்றியது. அணைக்கப் போன உள்ளூர்க்காரர்கள் உயிரிழந்தார்கள், ஈரான் தீயணைப்பு விமானம் அனுப்பியது. பாகிஸ்தானில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு நடத்திய காப்புத் திட்டம், கிளையை முறிக்காமல் கூம்பை மட்டும் அறுக்கும் கருவிகளையும், ஊரிலேயே கொட்டையைப் பதப்படுத்தும் வசதியையும் மக்களுக்குக் கொடுத்தது. மரத்துக்குச் சில கூம்புகளை விட்டுவைத்துப் பறிக்க வேண்டும் என்று வனத்துறையினரும் கேட்டுவருகிறார்கள். நட்ட கன்று காய்ப்புக்கு வர இருபது ஆண்டு போல ஆகும் என்பதால், இன்று நிற்கும் மரங்களின் கிளைகளைக் காப்பதே முதல் வேலையாக இருக்கிறது.