சம்பாதித்தது மகன், சொந்தம் பெற்றோருக்கு!

சாப்ளினின் 'தி கிட்' (1921) பார்த்தவர்களுக்கு அந்தப் பொடியனை மறக்கவே முடியாது. அனாதை விடுதிக்காரர்கள் வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டு போகும்போது கைகளை நீட்டிக் கதறுவானே... அவன்தான் ஜாக்கி கூகன். 1914-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவன். 1922-ல் 'ஆலிவர் ட்விஸ்ட்' படத்திலும் அவனே நாயகன்.

சரி, சம்பாதித்த பணம் என்ன ஆயிற்று? வணிகவியல் படிக்கும் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வந்தது!

சிறுவயதில் அவன் ஈட்டியது 30 முதல் 40 லட்சம் டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். 1935-ல் தந்தை கார் விபத்தில் இறந்தார். குடும்பத்தின் வரவு செலவைப் பார்த்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டைனைத் தாய் மறுமணம் செய்துகொண்டார். 21 வயதைத் தாண்டிய மகன் பணத்தைக் கேட்டார், கொடுக்கவில்லை. 1938-ல் தாய் மீதே வழக்குப் போட்டார். ஆனால் அன்றைய கலிபோர்னியா சட்டப்படி மைனர் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம். கடைசியில் சமரசமாகக் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர்தான்.

ஊரே கொதித்தது. 1939-ல் 'கூகன் சட்டம்' வந்தது. அதிலும் ஓட்டைகள். 2000-ல் திருத்திய பிறகுதான் சம்பளம் பிள்ளைக்கே சொந்தம் என்றானது. அதில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டே ஆகவேண்டும்.

கூகன் பின்னாளில் 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' (1964-66) தொடரில் மொட்டைத்தலை ஃபெஸ்டர் மாமாவாக மீண்டும் சிரிக்க வைத்தார். 1984-ல் காலமானார்.

நண்பர்களே, கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களுக்காகத் திறக்கும் அந்த வங்கிக் கணக்கை 'கூகன் கணக்கு' என்றே அழைக்கிறார்கள். அவருக்குத்தான் அப்படி ஒரு கணக்கு இல்லாமல் போயிற்று.