நெல் வந்த வழி: புள்ளலூர்ப் போரும் சுவார்ட்ஸ் ஐயரின் வாக்கும்

ஆர்க்காட்டிலிருந்து காஞ்சிபுரத்திற்கு வரும் நெடுவழியில், பெரிய ஏரியை அரணாகக் கொண்டு அமைந்துள்ள ஊர் தாமல். இன்று அமைதியாகத் தோன்றும் இவ்வட்டாரம் 1780ஆம் ஆண்டில் இரு பெரும் படைகளின் நடுவே அகப்பட்டுத் தவித்தது. அந்நாளில் காஞ்சிக்கு அருகே நிகழ்ந்ததையும், அதே போரின்போது தஞ்சையில் நிகழ்ந்ததையும் ஒருசேர நோக்குவது திருப்பணியாளர்க்குப் பயன் தரும்.

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையுடன் கர்நாடகப் பகுதிக்குள் புகுந்து, பின்னர் ஆர்க்காட்டை முற்றுகையிட்டார். தளபதி ஹெக்டர் மன்றோ கம்பெனிப் படையுடன் காஞ்சியை அடைந்தார். வடக்கிலிருந்து கர்னல் பெய்லி ஏறத்தாழ 2,800 வீரரோடு வந்து அவருடன் சேரவேண்டும் என்பது ஏற்பாடு. ஆயின் கொசத்தலை ஆற்று வெள்ளம் பெய்லியைப் பல நாள் தடுத்துவிட்டது. இதனை அறிந்த ஹைதர், வழிமறிக்கும் பொறுப்பைத் தம் மகன் திப்புவிடம் ஒப்படைத்தார். செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தருகே திப்பு தாக்கினார். பெய்லி எதிர்த்து நின்றாரேனும் மேலே செல்ல இயலவில்லை. காஞ்சிக்கு எஞ்சிய தொலைவு ஏறத்தாழ 14 மைல் மட்டுமே.

மன்றோ ஏன் உடனே புறப்படவில்லை? படைக்கு வேண்டிய உணவுப் பொருள் காஞ்சிக் கோயிலில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. அதுவும் சில நாட்களுக்கே போதுமானது. அதனை விட்டுச் செல்ல அவர் அஞ்சினார். எனவே கர்னல் பிளெட்சர் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் வீரரை மட்டும் இரவில் அனுப்பினார். வழிகாட்டிகளோ ஹைதரின் கையாட்கள். ஐயுற்ற பிளெட்சர் வேறு வழியாகச் சுற்றிச் சென்றமையால் பதுங்கியிருந்தோரிடமிருந்து தப்பினார். ஆயினும் அத்தப்புதல் ஒரு நாளுக்கே பயன்பட்டது. இணைந்த படை செப்டம்பர் 9ஆம் நாள் இரவு புறப்பட்டு, இடையில் தங்கியது. மறுநாள் விடியலில் புள்ளலூர் அருகே திப்புவின் பீரங்கிகள் முழங்கின. ஹைதரின் முழுப்படையும் வந்து சூழ்ந்தது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பிளெட்சர் மாண்டார். சரணடைந்த பெய்லி 1782இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். மன்றோவோ கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டை நோக்கிப் பின்வாங்கினார்.

நெல்லைக் காக்க நின்ற படை, நெல்லையும் தோழரையும் இழந்தது. வழிகாட்டியையே நம்ப இயலாத நாட்டில் அப்படை நடந்தது என்பது கருதத்தக்கது.

இனித் தஞ்சையை நோக்குவோம். அதே போரில் தஞ்சைக் கோட்டையிலும் நெல் தீர்ந்தது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தும் அதனை ஏற்றிவர மாடுகள் இல்லை. முன்னர் மாடு கொடுத்துக் கூலி பெறாது ஏமாந்த குடிகள், அரசரின் சொல்லையும் கம்பெனியாரின் சொல்லையும் ஏற்க மறுத்தனர். அரசர் துளஜா, மக்கள் சுவார்ட்ஸ் ஐயரையாவது நம்புவரா எனப் பார்க்கலாம் என்றார். ஐயர் எத்திசைக்கும் கடிதம் விடுத்தார். பகைவர் மாட்டைப் பறித்தாலும் அதன் விலையைத் தாமே தருவதாக வாக்களித்தார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து, பகைவர் திரியும் வழிகளில் சென்று, 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் கொணர்ந்தனர். எல்லாம் முடிந்தபின் ஐயர் ஒவ்வொருவர்க்கும் கூலியைக் கொடுத்து அனுப்பினார்.

அவ்வாக்கின் மதிப்பைப் பகைவரும் அறிந்திருந்தனர். 1779இல் கம்பெனியின் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்ற சுவார்ட்ஸைக் கண்ட ஹைதர், பின்னர் போர்க்காலத்திலும் அவரைத் தடுக்கலாகாது எனத் தம் அலுவலர்க்கு ஆணையிட்டிருந்தார்.

எனினும் ஒரு வினா எழாமலிராது. அந்நெல் பசித்த குடிகளுக்கு மட்டுமன்றிக் கோட்டைக் காவற்படைக்கும் உதவியது. ஆளுவோர் தாம் இழந்த நம்பிக்கையை ஒரு குருவானவரிடம் கடன் வாங்கினர். தம்மைத் தூதராக விடுத்த ஆட்சி, அமைதியை உண்மையாகவே நாடியதா என்பதும் ஐயத்திற்குரியதே. குருவானவரின் நற்பெயர் பிறர் தேவைக்கு எளிதில் கருவியாகிவிடும் என்பதைச் சுவார்ட்ஸின் வாழ்வே காட்டுகிறது.

ஆயின் அவர் அந்நற்பெயரை வாங்கிய விதத்தை மறத்தலாகாது. அது பிரசங்கத்தால் மட்டும் வந்ததன்று. கூலியைக் குறையாது கொடுத்ததால் நிலைத்தது. உழவனின் மாட்டுக்குப் பொறுப்பேற்ற சொல்லே கோட்டையைக் காத்தது. நம் சபைகளில் நாம் தரும் வாக்குகளை, சிறிய கணக்குகளிலும் ஏழையின் கூலியிலும், அத்துணை உறுதியோடு நிறைவேற்றுகிறோமா?