உமி விடாத கோதுமை

சம்பா கோதுமை ரவை நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. அல்வாவுக்குப் பால் எடுக்கவும் எங்கள் வீட்டில் அதைத்தான் ஊறப்போடுவார்கள். வடக்கே இதற்குக் கப்ளி என்று பெயர். சாதாரணக் கோதுமையைப் போரடித்தால் மணி தனியே உதிர்ந்துவிடும். சம்பாவோ நெல்லைப் போல உமியை விடாது. தனியாகக் குத்தியெடுக்க வேண்டும். இந்தக் கூடுதல் வேலையால்தான் பல நாடுகளில் இந்த இனத்தைக் கைவிட்டார்கள்.

ஆனால் ரொட்டிக் கோதுமையைக் காப்பாற்றியதில் இந்த இனத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

1916-இல் அமெரிக்காவின் கோதுமை வயல்களைக் கருந்துரு நோய் அழித்தது. அந்தச் சமயத்தில் தெற்கு டக்கோட்டாவில் எட்கர் மெக்ஃபேடன் என்ற மாணவர் ஒரு முயற்சியில் இறங்கினார். நோயைத் தாங்கி நின்ற 'யாரோஸ்லாவ்' என்ற உமிக் கோதுமையை, 'மார்க்விஸ்' என்ற ரொட்டிக் கோதுமையுடன் கலப்புச் செய்தார்.

இது எளிதல்ல. உமிக் கோதுமைக்கு 28 குரோமோசோம்கள், ரொட்டிக் கோதுமைக்கு 42. பிறக்கும் கலப்புச் செடிக்கு 35. அவற்றில் 28 ஜோடி சேரும். மீதி 7-க்கு ஜோடி கிடையாது. அதனால் பெரும்பாலான பூக்கள் மணி பிடிக்காமல் போகும். பிடித்த சில மணிகளைப் பல ஆண்டுகள் விதைத்து, பொறுக்கி, மறுபடி விதைத்து அவர் உருவாக்கிய ரகத்தின் பெயர் 'ஹோப்'. நம்பிக்கை என்று பொருள். பொருத்தமான பெயர்தான்!

ஹோப் வழி வந்த 'எஸ்ஆர்2' என்ற மரபணு நோயை முழுதாகத் தடுக்காது. பரவும் வேகத்தை மட்டுப்படுத்தும். நோர்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய கோதுமைகள் பலவற்றில் அது சேர்ந்தது. 1999-இல் உகாண்டாவில் புதுவகைக் கருந்துரு அடையாளம் காணப்பட்டு, அதுவரை நம்பியிருந்த வேறொரு மரபணு பலிக்காமல் போனபோதும், விஞ்ஞானிகள் இந்தப் பழைய மரபணுவை மறுபடி தேடினார்கள்.

நம் கப்ளியும் சும்மா இல்லை. எஸ்ஆர்13, எஸ்ஆர்14 என்ற இரண்டு எதிர்ப்பு மரபணுக்களை உலகம் அதிலிருந்துதான் பெற்றது.

விதை வங்கியில் வைத்திருக்கும் மணி அப்படியே இருக்கும். வயலில் உள்ள பயிர்தான் மாறிவரும் நோயோடு ஆண்டுதோறும் மோதிப் பழகும். குத்துகூலி கட்டவில்லை என்று விவசாயி சம்பாவை விட்டுவிட்டால், அடுத்த துருநோய் வரும்போது தேடிப் பார்க்க வயலில் எதுவும் இருக்காது. ரவை விலை கொஞ்சம் கூடுதல்தான். இதையெல்லாம் படித்த பிறகு கடையில் நான் பேரம் பேசுவதில்லை.