வரைபடத்தில் இல்லாத ஆண்டுகள்: பசிபிக் நெடுஞ்சாலையும் வழித்தடத் தேர்வும்

1989 அக்டோபர் 20. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கிராஃப்டன் நகருக்கு வடக்கே கௌப்பர் என்ற சிற்றூரை ஒட்டி, பொழுது விடியுமுன் ஒரு சரக்கு லாரி எதிர்த்தடத்துக்குள் புகுந்து சுற்றுலாப் பேருந்தின் மீது மோதியது. 21 பேர் இறந்தனர். இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 22 அன்று, அதே பசிபிக் நெடுஞ்சாலையில் கெம்ப்சிக்கு வடக்கே கிளைபக்காவில் இரண்டு பேருந்துகள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. அங்கே 35 பேர் இறந்தனர். இரண்டு விபத்துகளும் வைகறை இருட்டில், எதிரெதிர்த் திசைகளைப் பிரிக்கத் தரையில் இட்ட வண்ணக்கோடு தவிர வேறெதுவும் இல்லாத சாலையில் நிகழ்ந்தவை. மரண விசாரணை நடத்திய கெவின் வாலர், நியூகாசிலிலிருந்து குவின்ஸ்லாந்து எல்லைவரை போக்கும் வரவும் தனித்தனியாகப் பிரிந்த நான்குவழிச் சாலை அமைய வேண்டும் என்று பரிந்துரைத்தார்.

அந்தப் பரிந்துரை பெரும்பாலும் நிறைவேறிவிட்டது. நியூகாசிலை ஒட்டிய ஹெக்ஸமிலிருந்து எல்லைவரை 657 கி.மீ. நீளத்துக்கான பணி 1996இல் தொடங்கியது. காஃப்ஸ் ஹார்பர் புறவழிச்சாலை நீங்கலாக 2020 டிசம்பரில் நான்குவழிச் சாலை முழுமை பெற்றது. செலவு ஏறத்தாழ 1,500 கோடி ஆஸ்திரேலிய டாலர். பணிக்கு முன் ஆண்டுக்கு 40ஐத் தாண்டிய உயிர்ப்பலி விபத்துகள் பாதிக்கும் கீழே இறங்கின. போக்குவரத்து பெருகிய காலத்தில் கிடைத்த இந்த இறக்கம் பெரும் சாதனை. அதில் எனக்கு ஐயமில்லை. நான் கேட்பது வேறு. கிளைபக்காவை ஒட்டிய ஃபிரெடெரிக்டன்–யுங்காய் பகுதி திறந்தது 2016இல். கௌப்பர் வழியாகப் போன பழைய சாலைக்கு மாற்றாக கிளெனூகி–டிண்டேல் பகுதி திறந்தது 2020இல். அதாவது, இரண்டு பேரழிவுகளும் நிகழ்ந்த இடங்களுக்குத் தீர்வு வந்து சேர 27 ஆண்டும் 31 ஆண்டும் ஆயின. அந்த ஆண்டுகள் வழித்தட ஒப்பீட்டு அட்டவணையில் எந்த நிரலில் எழுதப்பட்டன?

எந்த நிரலிலும் முறையாக எழுதப்படுவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மாற்று வழித்தடங்கள் ஒவ்வொன்றும் கட்டி முடித்த நிலையில் வைத்தே ஒப்பிடப்படுகின்றன. முடியும்வரை பழைய சாலையில் நடப்பது எல்லா மாற்றுகளுக்கும் பொதுவானது என்று ஒதுக்கப்படுகிறது. இது கணக்கிலும் பிழை, அறத்திலும் பிழை.

கிராமப்புற நெடுஞ்சாலைக்கு மாற்றுத்தடம் தேடுவது எளிய வேலை அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் வண்ண வண்ணக் கோடுகளாக வரும் தடங்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய நிலத்தின் மீது போகின்றன. கிளாரன்ஸ் ஆற்றுப் படுகையில் கரும்பு வயல்கள். அவற்றை ஒதுக்கி மேட்டுக்குப் போனால் அழிவின் விளிம்பில் இருக்கும் கடலோர ஈமு பறவைகளின் வாழிடம். பல்லினாவுக்குத் தெற்கே வார்டெல் பகுதியில் கோவாலாக்கள். அங்கே தடம் எதன் வழியே போவது என்ற சச்சரவு மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஒப்புதல்வரை நீண்டது. புலாடிலாவில் சாலையை ஒட்டி எழும் மலை வொரிமி பழங்குடியினருக்குப் புனிதமானது. மெக்லே, கிளாரன்ஸ் ஆறுகளின் வெள்ளச் சமவெளிகளோ தனிச் சிக்கல். அங்கே உயர்ந்த மண்கரை போட்டுச் சாலை அமைத்தால் அது அணையாக மாறி மேல்பக்கத்து ஊர்களை மூழ்கடிக்கும். கெம்ப்சி புறவழியில் 3.2 கி.மீ. நீளப் பாலம் எழுந்ததற்கு இதுவே காரணம். 2013இல் திறந்தபோது ஆஸ்திரேலியாவின் மிக நீளமான சாலைப் பாலம் அதுதான். காஃப்ஸ் ஹார்பரில் மலைமுகடுகளை வெட்டித் திறப்பதா, குடைந்து செல்வதா என்று ஊர்மக்கள் போராடி, 2019 தேர்தலுக்கு முன் மூன்று சுரங்கப்பாதைகளுக்கு வாக்குறுதி பெற்றார்கள். அவர்கள் கேட்டது நியாயமே. அவசரமாகப் போட்ட தவறான தடம் நூறாண்டு நிற்கும்.

ஆக, நிதானம் தேவை. ஆனால் நிதானத்தின் விலையைக் கொடுப்பவர் யார்? கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வரும் நில உரிமையாளரும் சூழல் ஆர்வலரும் தங்கள் இழப்பைச் சொல்ல முடிகிறது. அடுத்த ஆறு ஆண்டுகளில் பழைய சாலையில் எதிர்வரும் லாரியில் சிக்கப்போகிறவர் யாரென்று எவருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. அவர் சார்பில் பேச ஆளில்லை. அந்த இருக்கையில் எண்களையாவது உட்கார வைக்க வேண்டும்.

கணக்கைத் தெளிவாக்க, முழுக்க அனுமானமான எண்களைக் கொள்வோம். ஒரு சாலையில் ஆண்டுக்கு 20 பேர் இறக்கிறார்கள். புதிய நான்குவழித் தடம் இறப்பை 80 விழுக்காடு குறைக்கும், ஆனால் திறக்க 20 ஆண்டு ஆகும். பழைய சாலையிலேயே நடுத்தடுப்பும் வேகக் கட்டுப்பாடும் 60 விழுக்காடு குறைக்கும், 4 ஆண்டில் முடியும். முப்பது ஆண்டுக் கணக்கில் முதலாவது 440 உயிர்களைப் பலிகொள்ளும், இரண்டாவது 288. முதலில் பழைய சாலையைச் சீர்செய்துவிட்டு, 20ஆம் ஆண்டில் புதிய தடத்தையும் திறந்தால் 248. இறுதி நிலையை மட்டும் ஒப்பிடும் அட்டவணையோ நான்குவழித் தடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு நின்றுவிடும். 440க்கும் 248க்கும் இடையிலுள்ள 192 பேர் அதன் கண்ணில் படவே மாட்டார்கள்.

60 விழுக்காடு என்பது ஆகாத பேச்சா? சுவீடனின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 1997இல் அந்நாட்டு நாடாளுமன்றம், சாலையில் எவரும் சாகவோ படுகாயமுறவோ கூடாது என்பதை நீண்டகால இலக்காக ஏற்றது. அடுத்த ஆண்டே, யெவ்லேக்கு வடக்கே ஈ4 நெடுஞ்சாலையில் 13 மீட்டர் அகலமுள்ள பழைய சாலையின் நடுவே எஃகுக் கம்பிவடத் தடுப்பை நிறுத்தி, ஒரு பக்கம் இரண்டு தடம், மறுபக்கம் ஒரு தடம் என்று பிரித்து, சில கிலோமீட்டருக்கு ஒருமுறை முந்திச்செல்லும் வாய்ப்பை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பெரும்பாலும் நிலம் எடுக்க வேண்டியதில்லை, ஆண்டுக்கணக்கில் தடம் தேட வேண்டியதில்லை. இவ்வகைச் சாலைகளில் இறப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது. கம்பிவடம் தங்களை அறுத்துவிடும் என்று மோட்டார்சைக்கிள் ஓட்டுவோர் அஞ்சினார்கள். அவர்களின் இறப்பு அபாயமும் குறைந்ததாகவே பின்னர் வந்த மதிப்பீடுகள் காட்டின.

இதை அப்படியே பசிபிக் நெடுஞ்சாலைக்குப் பெயர்க்க முடியாது. அங்கே பழைய சாலை பல இடங்களில் குறுகல், பண்ணை வாயில்கள் நேரே சாலைக்குத் திறக்கின்றன, கரும்பு ஏற்றிய டிராக்டர் வலப்பக்கம் திரும்பியாக வேண்டும், பாலங்கள் ஒடுக்கமானவை. ஆயினும் 657 கிலோமீட்டரும் ஒரே மாதிரி இல்லை. தடுப்பு நிறுத்த இடமில்லாத இடத்தில் நடுக்கோட்டையே ஒரு மீட்டர் அகலமாக்கி, சக்கரம் ஏறினால் அதிரும் பட்டைகளைப் பதிக்கலாம். குவின்ஸ்லாந்தின் புரூஸ் நெடுஞ்சாலையில் இம்முறை விரிவாகக் கையாளப்பட்டிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் விலகும் ஓட்டுநரை அந்த அதிர்வு எழுப்பும். கிளைபக்கா விபத்தின் மூலகாரணம் தூக்கமே. வேகத்தைத் தொட்டால் பலன் இன்னும் விரைவு. சுவீடிய ஆய்வாளர் நில்சனின் மதிப்பீட்டின்படி உயிர்ப்பலி விபத்துகள் சராசரி வேகத்தின் நான்காம் அடுக்கை ஒட்டி மாறும், 100 கி.மீ. சராசரி 90 ஆனால் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஓட்டுநரைத் திருத்தினால் போதும், சாலை எதற்கு என்பாரும் உண்டு. கௌப்பர் லாரி ஓட்டுநர் ஊக்க மருந்து உட்கொண்டிருந்தார் என்பது உண்மை, பணிநேர விதிகளும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் தேவை என்பதும் உண்மை. ஆனால் எந்தச் சட்டமும் எல்லா ஓட்டுநரையும் விழித்திருக்க வைக்காது. ஒருவர் கண்ணயர்ந்ததற்கு எதிரே வரும் பேருந்து நிறைய மக்கள் சாகவேண்டும் என்ற விதியை எழுதியது சாலையின் அமைப்புதான்.

வழித்தடத்தைத் துண்டு துண்டாகத் திறப்பதில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. 2002இல் யெல்கன்–சிண்டெரா பகுதி திறந்ததும், அதுவரை கடலோரத்தை விட்டு உள்ளே செல்லும் நியூ இங்கிலாந்து நெடுஞ்சாலையில் போன கனரக லாரிகள் பெருமளவில் பசிபிக் நெடுஞ்சாலைக்கு மாறின. புதிய பகுதிக்கு அது கேடல்ல. அதற்குத் தெற்கே இன்னும் இருவழியாகவே கிடந்த நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில், ஊர்களுக்கு நடுவே, இரவெல்லாம் இரட்டை டிரெய்லர்கள் ஓடத் தொடங்கின. ஒரு பகுதியின் பாதுகாப்பு அடுத்த பகுதியின் அபாயத்தைக் கூட்டியது. எந்தப் பகுதியை முதலில் கட்டுவது என்ற வரிசையே உயிர்களைத் தீர்மானிக்கும் முடிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பகுதி பகுதியாக நடக்கும் வழித்தட ஆய்வுகளில் இந்த விளைவு எளிதில் விழுந்துவிடும், ஏனென்றால் ஒவ்வோர் ஆய்வும் தன் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது.

இடைக்காலச் சீரமைப்புக்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. மலிவான ஒட்டுப்போடல் கிடைத்துவிட்டால் நிரந்தரத் தீர்வுக்கான அழுத்தம் தளர்ந்துவிடும். அரசு அதோடு கைகழுவிவிடும். 2012 வாக்கில் மத்திய அரசு செலவைப் பாதிக்குப் பாதி பகிரச் சொல்ல, மாநில அரசு 80க்கு 20 என்று நின்ற இழுபறியைப் பார்த்தவர்களுக்கு இந்த அச்சம் இயல்பே. ஆனால் இந்த வாதத்தை முடிவுவரை கொண்டுபோனால், மக்கள் தொடர்ந்து செத்துக்கொண்டிருப்பதுதான் நிதி பெறும் வழி என்றாகிறது. அதை எந்தத் திட்டமிடுநரும் கையெழுத்திட்டு ஏற்கமாட்டார். கைகழுவலைத் தடுக்க வேண்டுமானால் நிலத்தையும் திறப்பு ஆண்டையும் சட்டப்படி கட்டிப்போடலாம். பழைய சாலையை ஆபத்தாகவே விட்டுவைக்கத் தேவையில்லை.

அடிப்படை நிலை எது என்பதில்தான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. செலவு–பயன் ஆய்வில் புதிய தடத்தின் பயன், ஏறக்குறைய எதுவும் செய்யாத பழைய சாலையோடு ஒப்பிட்டு அளக்கப்படுகிறது. பழைய சாலை சீர்ப்பட்டால் புதிய தடத்தின் பயன் எண் சுருங்கும். எனவே பெருந்திட்டத்தை முன்மொழியும் அமைப்புக்கு இடைக்காலச் சீரமைப்பைத் தானாக முன்வைக்கும் தூண்டுதல் குறைவு. இதில் எவருடைய தீய எண்ணமும் வேண்டியதில்லை; அட்டவணையின் அமைப்பே போதும். ஆகவே அடிப்படை நிலையை மாற்றி எழுதவேண்டும் என்கிறேன்: இருக்கும் அகலத்துக்குள் செய்யக்கூடிய அனைத்தும் செய்யப்பட்ட பழைய சாலையே ஒப்பீட்டின் தொடக்கம். ஒவ்வொரு வண்ணக்கோட்டின் அருகிலும் அது திறக்கும் ஆண்டும், அதுவரை எதிர்பார்க்கப்படும் இறப்பும், அது பக்கத்துப் பகுதிக்கு அனுப்பும் லாரிகளும் அச்சாக வேண்டும். கோவாலாவுக்காக ஒரு தடம் மூன்று ஆண்டு தாமதப்பட்டால் அது தகும் என்றே மக்கள் முடிவெடுக்கலாம். தாமதத்தின் அளவு தெரிந்து எடுத்த முடிவாக அது இருக்கும்.

இதன் தொடர்ச்சியாகப் பழைய சாலையின் பின்னாளையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. கிராஃப்டனிலிருந்து டிண்டேல்வரை, கௌப்பரைக் கடந்து போன அந்தப் பழைய நெடுஞ்சாலை இன்று பிக் ரிவர் வே என்ற பெயரில் உள்ளூர்ச் சாலையாக ஓடுகிறது. நீண்டதூர லாரிகள் அங்கிருந்து போய்விட்டன. பள்ளிப் பேருந்துகளும் கரும்பு வண்டிகளும் போகவில்லை. இப்படிக் கைமாறும் சாலைகளைப் பராமரிக்கும் சுமை பெரும்பாலும் சிறு வருவாய் கொண்ட உள்ளாட்சிகளின் தலையில் விழுகிறது. போக்குவரத்து குறைந்த சாலையில் வேகம் கூடும் என்பதால், கைமாற்றுவதற்கு முன்பே அங்கே வேக வரம்பும் தடுப்பும் எப்படி அமையும் என்பதைப் புதிய தடத்தின் ஒப்புதல் ஆவணத்திலேயே நிதியோடு எழுதிவிட வேண்டும்.