மியாகியின் சகுரா

ஜப்பானில் வசந்தம் என்றால் தோட்டமெல்லாம் சகுரா பூதான். 'சகுரா சகுரா' என்ற பழைய பாட்டை எடுத்து, பல கோட்டோக்கள் சேர்ந்து வாசிக்கும்படி 1923-ல் விரித்து அமைத்தவர் மிச்சியோ மியாகி. கோட்டோ, தரையில் கிடத்தி மீட்டும் 13 தந்தி வாத்தியம். அடித்தொனி போதவில்லை என்று 1921-ல் 17 தந்தியில் ஒன்று செய்துகொண்டவரும் இவரே!

1894-ல் கோபேயில் பிறந்தவருக்கு எட்டு வயது வாக்கில் பார்வை போய்விட்டது. அவர் கண்ணால் கண்ட வசந்தங்கள் அவ்வளவுதான். மீதியெல்லாம் காதால் கேட்டவை. 1929-ல் அமைத்த 'ஹரு நோ உமி', அதாவது வசந்தகாலக் கடல், அவர் பெயரை நிலைநிறுத்தியது. கோட்டோவோடு ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழல் பேசும். ரெனே ஷெமே என்ற பிரெஞ்சு வயலின் கலைஞர், குழலின் பகுதியை வயலினில் வாசித்து அவரோடு இசைத்தட்டில் பதிந்தார். புத்தாண்டு வந்தால் ஜப்பானியக் கடைகளில்கூட இன்றும் அதுதான் ஒலிக்கிறது.