அரை டாலரில் தொடங்கிய கதை

1929ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகரில் பெய்லர் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை ஒன்று இருந்தது. ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல் என்பவர் அந்த ஆண்டில்தான் அதன் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார். கணக்குப் புத்தகங்களைப் புரட்டிய அவர், வசூலாகாத பாக்கிகள் குவிந்து கிடப்பதைக் கண்டார். பாக்கி வைத்திருந்தவர்களின் பெயர்களில் பல அவருக்குப் பழக்கமானவை. முன்பு அவர் அந்நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். கடன்பட்டிருந்தவர்களில் பலர் அவரிடம் வேலை பார்த்த ஆசிரியர்கள்!

கிம்பல் ஒரு திட்டம் வகுத்தார். ஆசிரியர் ஒவ்வொருவரும் மாதம் 50 செண்ட், அதாவது அரை டாலர் கட்ட வேண்டும். நோயுற்றால் ஆண்டில் 21 நாள் வரை மருத்துவமனையில் தனிக் கட்டணமின்றித் தங்கிச் சிகிச்சை பெறலாம். இந்தத் தொகையை அவர் குத்துமதிப்பாக வைத்துவிடவில்லை. ஆசிரியர்களுக்காக முன்பே நடத்திய நோய் உதவி நிதியின் பதிவேடுகளைக் கொண்டு கணக்கிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தனர். அமெரிக்கத் தனியார் மருத்துவக் காப்பீட்டின் தொடக்கம் இதுவே எனலாம்.

பொருளாதார மந்தத்தால் படுக்கைகள் காலியாகக் கிடந்த காலம் அது. மற்ற மருத்துவமனைகளும் இந்த வழியைப் பின்பற்றின. ‘நீலச் சிலுவை’ என்ற சின்னத்தின் கீழ் இத்தகைய திட்டங்கள் நாடெங்கும் பரவின. இவை இலாப நோக்கற்றவை. இளைஞரோ முதியவரோ, ஓர் ஊரில் எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்பது இவற்றின் வழக்கம்.

இதை நம் ஊர்ச் சீட்டோடு ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சீட்டில் போட்ட பணம் எல்லாருக்கும் என்றாவது திரும்பி வரும். காப்பீட்டில் பெரும்பாலோருக்கு வராது. வராமல் இருப்பதே நல்லது என்று நினைப்பவர்கள்தாம் அதில் சேருகிறார்கள்.

இப்போது ஒரு சிறு கணக்கு. 1,000 பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆண்டில் 50 பேர் நோயுறுகிறார்கள். ஒருவருக்கு 2,000 டாலர் செலவு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒரு இலட்சம். தலைக்கு 100 டாலர் கட்டினால் போதும். அங்கே வேறொரு நிறுவனம் வருகிறது. உடல்வலுவுள்ள 800 பேரை மட்டும் அழைக்கிறது. அவர்களில் நோயுறுபவர் 20 பேர்தாம். ஆகவே தலைக்கு 50 டாலர்! யார்தான் போகமாட்டார்கள்? எஞ்சிய 200 பேரில் நோயுறுபவர் 30 பேர். அவர்கள் தலைக்கு 300 டாலர் கட்ட வேண்டும். அது கட்டுப்படியாகாது என்று அவர்களுள்ளும் திடமான 80 பேர் விலகிவிடுகிறார்கள். அந்த எண்பதில் நோயுறுபவர் 6 பேர்தாம் என்று கொண்டால், மிஞ்சிய 120 பேருக்குக் கட்டணம் 400 ஆகிறது. இப்படியே போனால் கடைசியில் காப்பீடு எவருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குத்தான் அது எட்டாது. 65 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவக் காப்பீடு பெற முடியாமல் தவிப்பதை ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் இம்முறையில்தான் விளக்கினார். பிற்பாடு, 2001இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

கணக்கில் நாம் கண்டது வரலாற்றிலும் நடந்தது. நோயைக் காப்பீடு செய்ய முடியாது என்று ஒதுங்கியிருந்த வணிக நிறுவனங்கள், நீலச் சிலுவையின் வெற்றியைக் கண்டு களத்தில் இறங்கின. அவை குழுவுக்குக் குழு நோயின் அளவைப் பார்த்து வெவ்வேறு கட்டணம் வைத்தன. போட்டியைத் தாங்காமல் நீலச் சிலுவைத் திட்டங்களும் ‘எல்லாருக்கும் ஒரே கட்டணம்’ என்பதை மெல்லக் கைவிட்டன. முதியவர்களைக் காக்க, 1965இல் அரசே ‘மெடிகேர்’ திட்டத்தைக் கொண்டுவர நேர்ந்தது.

இதற்கிடையே உலகப் போர் வேறொரு முடிச்சையும் போட்டுவிட்டது. 1942இல் விலைவாசியை அடக்க, கூலி உயர்வுக்கு அரசு வரம்பு கட்டியது. காப்பீட்டுச் சலுகைக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. ஆள் கிடைக்காமல் திண்டாடிய முதலாளிகள், கூலிக்குப் பதில் காப்பீட்டைக் காட்டி ஆள் சேர்த்தனர். இச்சலுகைக்கு வரி கிடையாது என்று 1954ஆம் ஆண்டு வரிச்சட்டம் உறுதிசெய்தது. போர்க்காலத்துத் தற்காலிக ஏற்பாடு நிலைத்துவிட்டது. பெரும்பாலான தொழிலாளிகளுக்குக் காப்பீட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலாளிதான். வேலை போனால் அந்தக் காப்பீடும் போகும். நோயால் வேலை போனவர் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்!

1970களில் மருத்துவச் செலவு ஏறியது. ‘நெறிப்படுத்திய மருத்துவம்’ என்ற பெயரில், சிகிச்சைக்கு முன்பே நிறுவனத்தின் அனுமதி பெறும் முறை பரவிற்று. வீண் சிகிச்சையைத் தடுப்பது அதன் நோக்கம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் மருத்துவர் ‘வேண்டும்’ என்பதை, நோயாளியைப் பாராத ஒருவர் தொலைபேசியில் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தொடங்கியபோது மக்கள் பொறுமை இழந்தனர். பிள்ளை பெற்ற தாயை 24 மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் கூடப் பரவியது. இயல்பான பேற்றுக்கு 48 மணி நேரமாவது காப்பீடு தரவேண்டும் என்று 1996இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்தில், ஆஸ்துமாப் பிள்ளையின் தாய் காப்பீட்டு நிறுவனத்தை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். திரையரங்குகளில் மக்கள் கைதட்டி ஆரவாரம் செய்தார்களாம்!

வழக்குத் தொடுக்கலாமே என்பீர்கள். 1974ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. தனியார் முதலாளி வழியாகக் காப்பீடு பெற்றவருக்குச் சிகிச்சை தவறாக மறுக்கப்பட்டு, அதனால் உடல் கெட்டாலும், பொதுவாக அந்தச் சிகிச்சையின் செலவைத்தான் கேட்க முடியும். பட்ட துன்பத்துக்கு இழப்பீடு இல்லை. தலைமை நீதிமன்றமும் 2004இல் இதையே உறுதிப்படுத்திற்று.

2010ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் பெரிய மாறுதல். முன்பே நோய் உள்ளவர் என்று காரணம் காட்டி ஒருவரைச் சேர்க்க மறுப்பது 2014 முதல் தடைசெய்யப்பட்டது. ஆளைத் தள்ளும் கதவு அடைபட்டது; சிகிச்சையை மறுக்கும் கதவு திறந்தே இருந்தது.

2024 டிசம்பர் 4 அன்று, நாட்டின் மிகப் பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் தலைவர் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். ‘தாமதம்’, ‘மறுப்பு’ என்று பொருள்படும் சொற்கள் தோட்டா உறைகளில் எழுதப்பட்டிருந்தன. கொலை கொலைதான், அதற்குச் சமாதானம் இல்லை. ஆயினும் அந்நாட்டு மக்களில் பலர் இரங்கல் சொல்வதற்குப் பதிலாக, தமக்கு மறுக்கப்பட்ட சிகிச்சைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியது எல்லாரையும் திகைக்க வைத்தது.

2023இல் கூட்டரசின் காப்பீட்டுச் சந்தை வழியாக விற்கப்பட்ட திட்டங்களில், நிறுவனத்தோடு ஒப்பந்தமுள்ள மருத்துவமனைகளும் மருத்துவர்களும் அனுப்பிய கோரிக்கைகளிலேயே 19 விழுக்காடு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டவற்றில் மேல்முறையீடு செய்யப்பட்டவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அப்படி முறையிட்டவற்றில் 56 விழுக்காட்டில் நிறுவனம் தன் முடிவையே நிலைநிறுத்திற்று. மற்றவற்றில், மறுத்ததைத் தானே மாற்றிக்கொண்டது.