ஊர்ச்சபையின் சொல்

வகுப்பறையில் நாம் பெருமையோடு கற்பிக்கும் குடவோலை முறையைச் சற்று நின்று நோக்குவோம். முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறுவது என்ன? இறை கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவன், சொந்த மனையில் வாழ்பவன், மறை வல்லவன், 35 வயதுக்கு மேல் 70-க்கு உட்பட்டவன். அவன் பெயரே குடத்தில் விழலாம். உழுதவன் பெயருக்கு ஓலை ஏது?

உழுதவனும் அவன் மனைவியும் உறுப்பினராய் அமரும் அவை, 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் தந்த கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்!

அதன் சொல்லுக்கு வலிமை எவ்வளவு என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் காட்டிற்று. 2017 பிப்ரவரி 15 அன்று, எண்ணெய்-எரிவாயு எடுக்க 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. நெடுவாசலும் அவற்றுள் ஒன்று. நிலத்துக்கு உரியோர் அச்செய்தியை நாளேட்டில் படித்தனர்! மறுநாளே திரண்டனர். கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. ஆயினும் அத்தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தும் என்று கூறும் சட்டப்பிரிவு இல்லை.

ஒடிசாவின் நியமகிரியில் நிலை வேறு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைக் காட்டி, சுரங்கம் பற்றிக் கிராம சபைகளே கூறட்டும் என்றது உச்சநீதிமன்றம். 2013-இல் 12 சபைகளும் மறுத்தன, சுரங்கம் நின்றது. காட்டுக்கு உள்ள அவ்வுரிமை கழனிக்கு இல்லை.

2020 சனவரியில், எண்ணெய்-எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. அடுத்த திங்களே தமிழ்நாடு, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியது. நெடுவாசல் அடங்கிய திருவரங்குளம் ஒன்றியம் உட்பட மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் 5 காப்புப் பெற்றன. எஞ்சிய 8 ஒன்றியங்களின் ஊர்களுக்குத் தீர்மானப் புத்தகமே காப்பு.